வலிக்காத காதுதான் முதலில்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சிங்கப்பூரில் உட்லண்ட்சில் இருக்கிறோம். ஒரே வாரத்தில் வீட்டில் மூன்று பேருக்குக் காதுப் பிரச்சினை. ஏழு வயது மகன் நீச்சல் வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து வலது காது வலிக்கிறது என்று அழுகிறான். காது மடலைத் தொடவே விடமாட்டேன் என்கிறான். காய்ச்சல் இல்லை. அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவு உண்டு. காது அரித்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டுக்கொள்வார். இப்போது இரண்டு வாரமாக ராத்திரியில் காது குத்துகிறது, கொஞ்சம் நீர் வடிகிறது என்கிறார். கணவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததிலிருந்து இடது காது அடைத்திருக்கிறது, லேசான இரைச்சல், வலி இல்லை. சளி பிடித்திருந்தது, அதனால்தான் இருக்கும் என்று மருந்துக்கடையில் காதழுக்கைக் கரைக்கும் சொட்டு வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறார். மூவருக்கும் ஒட்டிக்கொண்ட கிருமியா? மகனை இன்றிரவே அவசரப் பிரிவுக்குத் தூக்கிப்போகவா? டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம், இந்தக் காதுகளோடு பறக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. விரிவாக எழுத நேரம் பிடிக்கும் என்பதால் அப்போதே மூன்று வரி அனுப்பினேன். கணவர் இன்றிரவே மருத்துவமனைக்குப் போகட்டும், அம்மாவை நாளைக் காலையில் கூட்டிப்போங்கள், மகனுக்கு அவன் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்துத் தூங்க வைத்து, நாளை பக்கத்து மருந்தகத்தில் (கிளினிக்கில்) காட்டினால் போதும் என்று. "அழுகிறவன் மகன்தானே டாக்டர், வலியே இல்லாத அவர் எதற்கு முதலில்?" என்று கேட்டீர்கள். கேட்டாலும் அவரை அனுப்பி வைத்தீர்கள், அதற்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுதியதைப் படித்தேன். கணவருக்கு உட்காதில் கேட்கும் திறன் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்து ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மகனுக்குச் சொட்டு மருந்து கிடைத்து வலி அடங்கிவிட்டது. அம்மா மட்டும் "காதுவலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா" என்று வர மறுக்கிறார். அதனால் இந்தப் பதில் வெளியாகும் முன்பே உங்களுக்கு அனுப்புகிறேன். கடைசிப் பகுதியை அம்மாவிடம் இன்றே படித்துக் காட்டுங்கள்.

ஒட்டிக்கொள்ளும் கிருமியா என்று கேட்டீர்கள். இல்லை. மூன்று பேருக்கும் மூன்று வேறு கோளாறு. காதை ஒரு மூவறை வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அறை வெளிக்காதுக் குழாய், பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் கோடியில் கதவு மாதிரி செவிப்பறை. கதவுக்குப் பின்னால் நடுக்காது, மூன்று குட்டி எலும்புகளும் காற்றும் உள்ள சின்ன அறை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வந்து அதற்குக் காற்று கொடுக்கிறது. மூன்றாவது அறை உட்காது, எலும்புக்குள் புதைந்திருக்கிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவதும், நாம் தள்ளாடாமல் நடக்கச் செய்வதும் அங்கேதான்.

முதல் அறையின் உட்பகுதியில் தோல் மிக மெல்லியது, எலும்போடு ஒட்டியிருக்கும். கொஞ்சம் வீங்கினாலும் விரிய இடமில்லை, உயிர் போகிற மாதிரி வலிக்கும். நடுக்காதில் சீழ் சேர்ந்து பறையை அழுத்தினாலும் அப்படித்தான். உட்காது பழுதானால் வலிப்பதே இல்லை. அடைப்பு, இரைச்சல், சில பேருக்குத் தலைசுற்றல், அவ்வளவுதான் தெரியும். அதனால்தான் உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றிய வரிகளைத் தாண்டி, கணவரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியில் என் கண் நின்றது.

மூன்று நாளுக்குள், பெரும்பாலும் ஒரே இரவில், ஒரு காது கேட்காமல் போவதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறோம். உட்காதுக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபட்டதா, வைரஸா என்று பலருக்குக் காரணம் கடைசிவரை தெரியாது. சிலருக்குத் தானாகவே கேட்கத் தொடங்கும். யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முதல் நாளில் சொல்ல யாராலும் முடியாது. ஸ்டீராய்டு கொடுப்பதானால் முதல் சில நாட்களில் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பலன் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் கணவர் நான்காம் நாள் போனார். இன்னும் ஒரு வாரம் அந்தச் சொட்டை விட்டுக்கொண்டு காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த வருத்தத்துக்குக் காரணம் உண்டு. நான் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ஆண்டுகளில் ஒருவர் இதே மாதிரி வந்தார். சளி, ஒரு பக்கம் அடைப்பு, வலி இல்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சளியில் நடுக்காது அடைத்திருக்கும் என்று மூக்குக்கு மருந்து எழுதி, சரியாகாவிட்டால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவரும் பொறுமையாக ஒரு மாதம் கழித்து வந்தார். அந்தக் காது அப்புறம் கேட்கவே இல்லை. அன்று நான் இசைக்கவையை, தட்டினால் ஒலிக்கும் அந்த உலோகக் கவையை, தட்டி அவர் நெற்றியில் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு "அடைத்திருக்கிறது" என்று யார் வந்தாலும் அதை எடுக்காமல் விடுவதில்லை.

அதே சோதனையை வீட்டில் ஓரளவு செய்து பார்க்கலாம். முதலில் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். பொத்திய காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். அழுக்கோ நீரோ வழியை மறித்தால் அப்படித்தான் இருக்கும், அடைத்த பக்கமே சத்தம் ஓங்கும். விரலை எடுத்துவிட்டு முனகும்போது நல்ல காதில் மட்டும் சத்தம் ஓங்கினால், அடைத்த காதின் உட்பகுதியே பழுதாகியிருக்கலாம் என்று பொருள். இது முடிவான சோதனை இல்லை. ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவரை இன்றே கிளப்பிவிட உதவும்.

இன்னொன்றையும் எல்லா வாசகர்களுக்கும் சொல்கிறேன். மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ பதிவு செய்யும்போது "காது அடைப்பு" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. "நேற்றுவரை கேட்ட காது இன்று கேட்கவில்லை, சடன் ஹியரிங் லாஸ்" என்று சொல்லுங்கள். சொல் மாறினால் கவனமும் மாறும். பகலில் என்றால் குடும்ப மருத்துவர் பார்த்து அன்றே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். இரவு, வாரக் கடைசி என்றால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடலாம்.

உங்கள் கணவர் இனிச் செய்ய வேண்டியது: மாத்திரையைச் சொன்னபடி முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. அவருக்கும் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு இரண்டையும் ஏற்றும். மாத்திரை முடிந்ததும் மறுபடி கேட்புச் சோதனை உண்டு. போதிய அளவு திரும்பவில்லை என்றால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் சில நிமிட வேலைதான். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் கலங்க வேண்டாம். செவி நரம்பில் சிறு கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். மிகச் சிலருக்கே அப்படி இருக்கும்.

இப்போது மகன். காது மடலைத் தொட விடவில்லை என்று நீங்கள் எழுதியதே பாதி நோயைச் சொல்லிவிட்டது. மடலை இழுத்தாலோ காதின் முன்னால் உள்ள சின்னக் குருத்தெலும்பை அழுத்தினாலோ வலி துள்ளினால் அது பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயின் தொற்று. குளத்து நீர் காதில் தங்கித் தோல் ஊறிப்போகும், நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் காயாது, இடையில் விரலாலோ பஞ்சுக்குச்சியாலோ குடைந்தால் கிருமி உள்ளே புகும். சொட்டு மருந்தில் சரியாகிவிடும். ஒரு வாரம் பத்து நாள் குளத்துப் பக்கம் போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயிலில் மேலாக வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். மறுபடி நீச்சலுக்குப் போகும்போது கரை ஏறியதும் தலையை ஒருபுறம் சாய்த்து நீரை வடியவிட்டுத் துண்டின் நுனியால் வெளியே மட்டும் துடைத்தால் போதும்.

மூக்கு ஒழுகி இரண்டு நாளில் காய்ச்சலோடு வரும் காதுவலி வேறு வகை. அது நடுக்காது. பிள்ளைகளுக்கு மூக்கிலிருந்து வரும் அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் சளிக் கிருமி எளிதில் ஏறிவிடும். பெரும்பாலானவை வலி மருந்தோடு இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். ஆன்டிபயாட்டிக் எழுதித் தரவில்லையே என்று மருத்துவரிடம் கோபப்படும் பெற்றோரைப் பார்க்கிறேன். எழுதாமல் இரண்டு நாள் கவனிப்பதும் வைத்தியம்தான். சில வேளை பறை கிழிந்து சீழ் வெளியே வந்து, அழுத பிள்ளை திடீரென்று அமைதியாகித் தூங்கிவிடும். பயப்பட வேண்டாம், கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். ஆனால் மருத்துவர் பார்த்தாக வேண்டும், அதுவரை காதில் எதையும் விடக் கூடாது. காதின் பின்புறம் வீங்கிச் சிவந்து மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாலோ, பிள்ளை துவண்டு கழுத்தை வளைக்க முடியாமல் கிடந்தாலோ, முகம் ஒருபக்கம் இழுத்தாலோ இரவென்று பார்க்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு காதுவலி என்றாலும் அப்படித்தான்.

குறும்பி பற்றி ஒரு வார்த்தை. அதை அழுக்கு என்று சொல்வதால்தான் எடுக்கத் துடிக்கிறோம். அது காதின் காவல். தோலை ஈரத்திலிருந்து காத்து, நாம் மென்று பேசும் அசைவில் தானாகவே வெளியே நகர்ந்து வந்துவிடும். பஞ்சுக்குச்சியும் கொண்டை ஊசியும் கார்ச் சாவியும் அதை உள்ளே தள்ளி இடிக்கின்றன. உண்மையிலேயே இறுகிவிட்டால், பறை கிழியாத காது, சீழ் இல்லாத காது என்று தெரிந்தால், சில நாள் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு விட்டு இளக்கலாம். அதற்கும் போகாவிட்டால் மருந்தகத்தில் எடுத்துவிடுவார்கள். காதில் மெழுகுத் திரி கொளுத்தி வைப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அது குறும்பியை இழுப்பதில்லை, காதைச் சுடுவதுண்டு.

கடிதத்தில் இல்லாத வேறு சில நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன், இவையும் வலிக்காதவை. நாற்றத்தோடு நீர் விட்டுவிட்டு வடியும் காது, வலிக்கவில்லை என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம், அறுவை சிகிச்சைதான் வழி. பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் மூக்கின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வரும் புற்றுநோய் தென்சீன வம்சாவளியினரிடம் அதிகம் என்பதால் சிங்கப்பூர் மருத்துவர்கள் இதில் விழிப்பாக இருக்கிறார்கள். நமக்கு அது குறைவுதான், வரவே வராது என்பதில்லை. கழுத்தில் கட்டியோ, சளியில் இரத்தக் கீற்றோ சேர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஒரே காதில் நாடித் துடிப்பு போல இரைச்சல் கேட்டாலும் காட்டுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடி மட்டும் உலகமே சுற்றுவது பெரும்பாலும் உட்காதின் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பும் எப்லி முறையில், மாத்திரை இல்லாமலே பலருக்கு ஒரே முறையில் நின்றுவிடும்.

காதுக்குள் பூச்சி புகுந்து உயிரோடு துடித்தால் மட்டும் சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டு அதை அடக்கிவிட்டு மருத்துவரிடம் போகலாம். பறையில் ஓட்டை இருப்பவருக்கு அதுவும் கூடாது. பிள்ளை பொத்தான் மின்கலத்தைக் காதில் போட்டுக்கொண்டால் எண்ணெய், நீர் எதுவும் விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஈரம் பட்டால் அது சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும்.

திருச்சிப் பயணம். மகன் அதற்குள் தேறிவிடுவான். அன்றைக்குச் சளி இல்லாமல் இருந்தால் சரி. விமானம் இறங்கத் தொடங்கும்போது அவனை எழுப்பி உட்கார வைத்து மிட்டாய் சப்பக் கொடுங்கள், விழுங்க விழுங்க மூக்கிலிருந்து நடுக்காதுக்கு வரும் குழாய் திறக்கும். கணவர் தம் நிபுணரிடம் கேட்டுக்கொண்டு பறக்கட்டும். மறுசோதனை நாளும் பயண நாளும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் டிக்கெட்டைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. அவரை மருத்துவர் பார்த்த பிறகுதான்.

இனி வருவது அம்மாவுக்கு.

அம்மா, வணக்கம். நீங்கள் எண்ணெய் விட்டது உங்கள் அம்மா உங்களுக்கு விட்டதைப் பார்த்துத்தான் என்று புரிகிறது. என் பாட்டியும் எங்களுக்குக் குளிப்பாட்டி முடித்ததும் காதில் ஊதி, எண்ணெய் விட்டுத்தான் அனுப்புவார். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. காதுக்குள் விடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அரிக்கிற காதில் பூஞ்சை இருக்கலாம். எண்ணெயும் ஈரமும் அதற்குத் தீனி. இந்த ஊர் வெக்கையில் அது காதுக்குள் மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்பாகப் படர்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பூண்டுச் சாறு அங்குள்ள மெல்லிய தோலைப் புண்ணாக்கும். முன்பு எப்போதோ வாங்கிய ஆன்டிபயாட்டிக் சொட்டு வீட்டில் இருந்தால் அதையும் எடுக்காதீர்கள், பூஞ்சை இன்னும் செழிக்கும்.

ஆனால் எனக்குக் கவலை பூஞ்சையைப் பற்றி இல்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, வலி இரண்டு வாரமாக இருக்கிறது, ராத்திரியில் கூடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் தொற்று தோலோடு நிற்காமல் காதுக்கு அடியில் உள்ள மண்டை எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் குறைவு, எதிர்ப்பும் குறைவு, அதனால் கிருமிக்கு வழி எளிது. தகுந்த மருந்துகள் வருவதற்கு முன் பல பேரின் உயிரைக் குடித்த நோய் இது. இன்று ஸ்கேன் எடுத்து, கிருமி எதுவென்று பார்த்து, ஆறு வாரமோ அதற்கு மேலோ மருந்து கொடுத்துக் குணமாக்குகிறார்கள். தாமதமானால் முக நரம்பு பாதிக்கப்பட்டு வாய் கோணலாம். அப்படி ஏதும் தெரிந்தால், முழுங்கச் சிரமமாக இருந்தால், குரல் மாறினால், வீட்டில் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பார்த்து, வெறும் பூஞ்சைதான் என்று சுத்தம் செய்து அனுப்பினால் எல்லாருக்கும் நிம்மதி. காதை நீர் பீய்ச்சிக் கழுவ யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் காதுக்கு நுண்ணோக்கி வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் பாதுகாப்பு.

செலவை நினைத்துத் தயங்கினால், அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலிருந்தோ, சாஸ் என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலிருந்தோ கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள், நிபுணரைப் பார்க்க மானியக் கட்டணம்தான். மூத்தோருக்கு அரசாங்கம் தந்த மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காது குணமான பிறகு கேட்புச் சோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். வயதோடு கேட்பது குறைந்திருந்தால், 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கேட்புக் கருவி வாங்கக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவி இருக்கிறது.

மகளே உங்களுக்கு மறுபடி ஒரு வரி. நாளைக் காலையில் போகும்போது அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள், கடைசியாக எடுத்த இரத்தச் சோதனை முடிவு, அந்த எண்ணெய்ப் புட்டி மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பதிவு செய்யும் இடத்தில் "நீரிழிவு, இரண்டு வாரக் காதுவலி, ராத்திரியில் அதிகம்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். இன்றிரவு வலித்தால் பாராசிட்டமால் மட்டும். காதில் ஒரு சொட்டும் வேண்டாம்.